கடைசிப் பக்கம்

ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு குடும்ப சஸ்பென்ஸ் நாவல் வாங்கினேன். கல்யாணம், ரகசியம், காணாமல் போன குழந்தை... எல்லாம் அட்டையிலேயே! வீட்டுக்காரி கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டி, "சித்தப்பாதாங்க எடுத்துட்டுப் போனது" என்றாள். நாவல் குளோஸ்.

அன்று ராத்திரி டி.வி.யில் மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002). இதை அப்படிக் கெடுக்க முடியாது. ரகசியத்தை ஆரம்பத்திலேயே உடைத்துவிடுகிறார்கள். அமுதா, ராமேஸ்வரம் அகதி முகாமில் ஈழத்துப் பெண் பெற்றுவிட்டுப் போன குழந்தை. அவளைத் தத்தெடுக்கவே கல்யாணம் செய்துகொண்ட தம்பதி, ஒன்பதாவது பிறந்தநாளில் அவளிடம் அதைச் சொல்கிறார்கள். பெற்றவளைத் தேடி ராமேஸ்வரத்துக்கே ஓடிவிடுகிறாள் குழந்தை.

வில்லன் யார்? தேடிப் பாருங்கள், வீட்டுக்குள் ஒருத்தரும் இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் நடந்த போர்தான். 1983க்குப் பிறகு படகுபடகாய் வந்து இறங்கியவர்களைப் பார்த்த மண்டபத்துக்காரர்களுக்கு இது வெறும் சினிமா இல்லை சார்.

சொன்னதால் ஓடினாள், சரி. சொல்லாமல், வேறு யார் வாயாலாவது கேட்டிருந்தால்? திரும்பியிருப்பாளா?

யோசித்துக்கொண்டே வீட்டுக்காரியைப் பார்த்தேன். "நண்பனோட லோனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்றேன் மெதுவாக.

"நாலு மாசமாத் தெரியும்" என்றாள். "நீங்களா எப்பச் சொல்வீங்கங்கறதுதாங்க சஸ்பென்ஸ்!"