வீடு எந்த வருஷம் கட்டினது?

சிலிக்கான் வேலியில், குறிப்பாக சன்னிவேல், சான்டா கிளாரா பக்கம் வாடகைக்கு வீடு தேடும் நம்மாளுங்க கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். ஸ்கூல் ரேட்டிங் எவ்வளவு? வாஷர், டிரையர் வீட்டுக்குள்ளேயே இருக்கா? ஆபீஸ் எவ்வளவு தூரம்? கட்டடம் எந்த வருஷம் கட்டினதுன்னு கேட்பவர்கள் குறைவு. அடுத்த வருஷ வாடகை எவ்வளவு ஏறலாம் என்பதோ அதில்தான் இருக்கிறது.

2020 முதல் கலிஃபோர்னியாவில் ஏபி 1482 என்ற சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, ஒரு வருடத்தில் 5 சதவீதத்தோடு விலைவாசி உயர்வைச் சேர்த்த அளவுக்குத்தான் வாடகையை ஏற்றலாம். எப்படியும் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆனால் கட்டி 15 வருஷம் ஆகாத கட்டடங்களுக்கு இது பொருந்தாது. ஜிம், நீச்சல்குளம், கார் சார்ஜர் என்று நம்மை இழுப்பவை பெரும்பாலும் அந்தப் புதுக் கட்டடங்கள்தான். "முதல் ஆறு வாரம் இலவசம்" என்பார்கள். சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவோம். மறுவருஷம் சலுகை போய்விடும். ஏற்றம் முழு வாடகையின் மேல் வரும்.

ஊர் மாறினாலும் கணக்கு மாறும். பக்கத்து ஊரான மவுண்டன் வியூவில், 1995 பிப்ரவரிக்கு முந்தைய பெரும்பாலான அடுக்குமாடிகளுக்கு வருடாந்திர ஏற்றம் 2 முதல் 5 சதவீதத்துக்குள். சான் ஹோசேயில் 1979 செப்டம்பருக்கு முந்தையவற்றுக்கு 5 சதவீதம்.

இன்னொரு பக்கம், வாடகையை மென்பொருளே பரிந்துரைக்கும் காலம் இது. போட்டி நிறுவனங்களின் ரகசியத் தகவலைக் கலந்து விலை சொல்வதாக ரியல்பேஜ் மீது 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதித்துறை வழக்குப் போட்டது. இப்படிப் பொதுவான அல்காரிதம் மூலம் விலையைக் கூட்டாக நிர்ணயிப்பதைக் கட்டுப்படுத்தும் கலிஃபோர்னியாவின் ஏபி 325 சட்டம் 2026 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. மென்பொருள் எழுதிப் பிழைக்கும் நம்மையே ஒரு மென்பொருள் எடை போடுகிறது!

என்னைப் போல எச்1பி விசாவில் இருப்பவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல். லீஸ் 12 மாதம். வேலை போனால் இந்த நாட்டில் தங்க அதிகபட்சம் 60 நாள். மிச்ச மாத வாடகை மொத்தத்தையும் கட்டியாகணும்னு பயந்து சேமிப்பைக் கொட்டுபவர்கள் உண்டு. கலிஃபோர்னியாவில் வீட்டுக்காரர் வேறு ஆளைத் தேட நியாயமான முயற்சி எடுத்தாக வேண்டும். தவிர்த்திருக்கக்கூடிய நஷ்டத்தை நம் தலையில் கட்ட முடியாது. டெபாசிட்டும் 2024 ஜூலை முதல் பொதுவாக ஒரு மாத வாடகைதான். காலி செய்த 21 நாளுக்குள் அதைத் திருப்பித் தரணும், பிடித்தம் இருந்தால் கணக்குக் காட்டணும்.

ஏபி 1482 தற்போதைய நிலையில் 2030 ஜனவரி 1-ல் காலாவதியாகிறது. நீட்டிப்பா, இல்லையா என்பது அரசியல். மவுண்டன் வியூவின் வாடகைக் கட்டுப்பாடே 2016-ல் மக்கள் ஓட்டுப் போட்டு வந்ததுதான். விசாவில் இருக்கும் எங்களுக்கு ஓட்டு இல்லை. இங்கேயே பிறந்து வளர்ந்து, முதல் வேலை கிடைத்து வாடகை வீடு தேடும் தம்பி தங்கைகளுக்கு இருக்கிறது.