சண்முகசுந்தரத்துக்கு வக்காலத்து வேண்டாம்

'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் ஒரே ஒரு குறை சொல்லிப் பாருங்கள். நாலு பேர் கூடியிருக்கிற இடமாக இருந்தால் போதும், உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடும். 'சிவாஜி படத்தையே குறை சொல்ற அளவுக்கு நீ பெரிய ஆளாயிட்டியா?' என்பது ஒரு கட்சி. 'அட போங்க சார், சந்தேகப் பிராணி ஒருத்தன், அவனையே நினைச்சு உருகுற ஒரு பொண்ணு... இதைப் போய் காவியம்ங்கறீங்களே' என்பது இன்னொரு கட்சி.

என்னைக் கேட்டால், ரெண்டு கட்சியுமே படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. முதல் ஆள் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். இரண்டாவது ஆள் பாதியிலேயே டி.வி.யை அணைத்துவிட்டுத் தீர்ப்பு எழுதுகிறார்.

முதல் கட்சிக்கு முதலில் பதில். குறை இருக்கிறது சார். நிறையவே இருக்கிறது. மோகனா யாரோடு பேசினாலும், எந்தப் பெரிய மனுஷன் வீட்டில் ஆடப் போனாலும் சிக்கல் சண்முகசுந்தரத்துக்குச் சந்தேகம். தான் யோக்கியமானவள் என்று நிரூபிக்கிற வேலை எப்போதும் அவள் தலையில்தான். அவர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. இதைப் படம் காதலின் ஆழம் என்று நம்மை நம்ப வைக்கிறது. நாமும் நம்பிக் கைதட்டினோம்.

அடுத்தது வடிவாம்பாள். மகளை வசதியான ஆளிடம் சேர்த்துவிடத் துடிக்கிற அம்மா. சி.கே.சரஸ்வதி வாயைத் திறந்தாலே திட்டத் தயாராகிவிடுகிறோம். வைத்தியைத் திட்டிக்கொண்டே நாகேஷை ரசிக்கிறோம். ஆனால் காசைக் காட்டிக் காத்திருக்கிற மைனர்கள் மேலும் மகாராஜா மேலும் அந்த அளவு கோபம் வருகிறதா? வாங்க வந்தவனை விட்டுவிட்டு, விற்க நின்றவளைத் திட்டுகிறோம். அவளை அந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியது எது என்று படம் கேட்பதே இல்லை.

'அந்தக் காலம் அப்படி' என்பார்கள். இல்லை. படம் வந்தது 1968-ல். தேவதாசி முறைக்கு எதிராக டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னை சட்டசபையில் குரல் எழுப்பியது 1927-ல். அந்த முறைக்குள்ளேயே வளர்க்கப்பட்டு, பிறகு அதை எதிர்த்து மேடையேறிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் அதைப் பற்றி நாவலே எழுதியது 1936-ல். தடைச் சட்டம் வந்தது 1947-ல். கதை பழைய காலத்தில் நடக்கலாம், அது வேறு. படம் எடுத்தவர்களும் பார்த்தவர்களும் இதையெல்லாம் கேள்விப்பட்டவர்கள்தான்.

சரி, இப்போது இரண்டாவது கட்சி.

சண்முகசுந்தரத்தின் திமிரை மட்டும் பார்க்கிற நீங்கள், அது எங்கிருந்து வருகிறது என்று யோசித்ததுண்டா? கச்சேரி நடுவில் வாணவேடிக்கை ஆரம்பித்து, கூட்டம் அந்தப் பக்கம் ஓட, வாத்தியத்தை நிறுத்திவிட்டுக் கிளம்புகிற மனுஷர் அவர். நாதஸ்வர வித்வான்கள் பெரிய மனுஷர்கள் முன்னால் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஊர்வலத்தில் நின்றும் நடந்தும் வாசித்த காலம் ஒன்று இருந்தது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று பிடிவாதம் பிடித்தது அதனால்தான். அந்தச் சமூகத்தின் மொத்த ரோஷமும் சிவாஜியின் முகத்தில் இருக்கிறது. மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்த நாதஸ்வரத்துக்கு அந்தக் கன்னமும் விரலும் கழுத்து நரம்பும் சேர்ந்து உயிர் கொடுக்கிறதே, அதை வெறும் நடிப்பு என்று ஒதுக்க முடியுமா?

இங்கேதான் சிக்கல். ஜமீன்தார் முன்னால் நிமிர்ந்து நிற்கிற அதே ரோஷம்தான் மோகனாவிடம் சந்தேகமாகத் திரும்புகிறது. ரெண்டும் ஒரே ஆள், ஒரே குணம். ஊரில் அவமானப்படுகிற ஆண், வீட்டுப் பெண்ணிடம் ராஜாவாக இருக்கப் பார்ப்பது நமக்குத் தெரியாத கதையா என்ன? படம் இதைத் தெரிந்து காட்டியதா, தெரியாமல் காட்டியதா என்பது எனக்கு முக்கியமில்லை. காட்டியிருக்கிறது.

மோகனாவும் சும்மா உருகுகிறவள் இல்லை. போட்டிக்கு வா என்று கூப்பிட்டதும் வந்து, கால் ஓய்கிற வரைக்கும் ஆடி, அந்தத் திமிர் பிடித்த வித்வான் வாயாலேயே பட்டம் வாங்குகிறாள். அப்புறம் கத்திக்குத்துப் பட்டவர் தேறி வந்து வாசிக்கும்போது, கண்ணதாசன் எழுதி பி.சுசீலா பாடிய அந்தப் பாட்டு. நேரில் போய் ஒரு வார்த்தை விசாரிக்க விடமாட்டார்கள். சபை நடுவில் ஆடியபடியே விசாரிக்கிறாள். நாதஸ்வரம் பதில் சொல்கிறது. பேச வழியில்லாத ஒரு பெண் தன் தொழிலையே பேச்சாக்கிக்கொள்கிற காட்சி அது. 'பிற்போக்கு' என்று முத்திரை குத்தி மூடிவிட்டால் இதுவும் சேர்ந்துதானே போகும்?

காமர்ஸ் படித்தவன் புத்தி, எனக்குக் கணக்காகத்தான் சொல்ல வரும். பேலன்ஸ் ஷீட்டில் சொத்தைக் காட்டிக் கடனை மறைத்தால் மோசடி. கடன் இருக்கிறது என்பதற்காகக் கடையையே இழுத்து மூடினால் முட்டாள்தனம். ரெண்டு பக்கமும் எழுத வேண்டும். ஒன்றில் மற்றதைக் கழித்துவிடவும் கூடாது. கே.வி.மகாதேவனின் இசை நன்றாக இருக்கிறது என்பதால் மோகனா பட்ட சந்தேகம் நேராகிவிடாது. அந்தச் சந்தேகத்தால் இசையும் கெட்டுப்போகாது.

கும்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த தடவை டி.வி.யில் இந்தப் படம் ஓடும்போது உங்கள் பேத்தி, 'இவர் ஏன் தாத்தா அந்த அக்காவை நம்பவே மாட்டேங்கறாரு?' என்று கேட்டால், 'சும்மா பாரு' என்று வாயை அடைக்காதீர்கள். கொத்தமங்கலம் சுப்பு எழுதி, ஏ.பி.நாகராஜன் எடுத்து, இத்தனை வருஷம் தாங்கி நிற்கிற கதை ஒரு சின்னப் பெண்ணின் கேள்விக்கு உடைந்துவிடாது. அவள் எழுந்து போய்விட்டால்தான் நஷ்டம். அப்புறம் நாதஸ்வரத்தைக் கேட்க வீட்டில் நீங்கள் ஒருத்தர்தான் இருப்பீர்கள்.