அறைக்குள் மிதிவண்டி, திரைக்குள் கூட்டம்

திருப்பெரும்புதூரை அடுத்த தண்டலத்தில் வாழ்வோருக்குச் சாலையில் மிதிவண்டி ஓட்டுவதன் இடரை விளக்க வேண்டியதில்லை. சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் லாரிகளும், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகளும் ஓய்வதேயில்லை. அதற்காக உடலுழைப்பைக் கைவிடலாமா? நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு நோயாளிகள் என்கிறது 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு. வாரத்திற்கு 150 நிமிடமேனும் மிதமான உடற்பயிற்சி தேவை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

எனவே, வீட்டினுள்ளேயே மிதிவண்டியைத் தாங்கியில் பூட்டி மிதிப்போர் உள்ளனர். பிறர் பார்வையில் படாமல் பயிற்சி செய்ய விரும்பும் சகோதரிகளுக்கும் இது ஏற்றது. இவர்களில் பலர் 'ஸ்விஃப்ட்' என்னும் கணினிச் செயலியின் துணையை நாடுகின்றனர். திரையில் வட்டோப்பியா என்ற கற்பனைத் தீவு விரியும். மேடு வந்தால் மிதி கனக்கும். கொரோனாக் காலமான 2020 ஜூலையில் டூர் டி பிரான்ஸின் மெய்நிகர்ப் பந்தயம் இதில்தான் நடந்தது.

சாலை நெரிசலுக்கு அஞ்சி உள்ளே வந்தவரை அங்கும் நெரிசலே வரவேற்கிறது. உலகெங்குமுள்ளோர் ஒரே பாதையில் விரைவர். அங்கே இடித்து விழும் அச்சமில்லை. ஒருவர் உருவத்தினூடே மற்றவர் கடந்துவிடுவார். ஆபத்து நம் உள்ளத்தில் இருக்கிறது. இருபது வயது இளைஞர் முந்திச் சென்றால், ஐம்பதைக் கடந்தவரின் காலும் தன்னையறியாமல் விரைகிறது. திரையில் தோன்றும் ஓட்டம் பொய்; இதயத்தின் துடிப்போ மெய்!

இதனைச் சமாளிப்பது அரிதன்று. மூச்சு வாங்கினாலும் பேச இயலுகிறதா என்று பாருங்கள். இயலாவிடில் வேகத்தைக் குறையுங்கள். முன்செல்வோரை ஒட்டியே சென்றால் காற்றுத்தடை குறைந்த கணக்கில் உழைப்பும் குறையும். கூட்டமே வேண்டாமெனில் வேறு பாதைக்குத் திரும்பலாம். உறவினர், நண்பர் மட்டும் கூடி, அவர்களை மட்டுமே காணும்படி அமைத்துக்கொள்ளவும் வழியுண்டு. மேட்டின் கடுமையையும் குறைத்துக்கொள்ளலாம்.

அறைக்குள் காற்றோட்டம் குறைவாதலால் மின்விசிறியும் குடிநீரும் அருகிலிருக்கட்டும். இன்சுலின் போட்டுக்கொள்வோர், இதய நோயாளிகள் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்துங்கள்.

முந்திச் செல்வோர் செல்லட்டும். அவர்கள் நம்மை அறியார். நம் உடல்நலத்தை நம்பியிருப்போர் அடுத்த அறையில் இருக்கின்றனர்.