அன்றைக்குச் சமையல் யார்?

தடித்த நாவல் ஒன்றை "ஒரே மூச்சில் படித்து முடித்தேன்" என்று எழுதுகிறவர்களிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அன்றைக்கு வீட்டில் சமையல் யார்?

கிண்டலுக்குக் கேட்கவில்லை. புத்தகங்களைப் பற்றி எழுதும் ஆண்கள் பலர் இந்த வரியை எப்போதாவது எழுதிவிடுகிறார்கள். இரவு பத்து மணிக்கு எடுத்தாராம், விடிந்ததே தெரியவில்லையாம். மூன்று நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லையாம். நாவலின் பெருமையைச் சொல்வதாக நினைத்துக்கொண்டு வீட்டுக் கணக்கைச் சொல்லிவிடுகிறார்கள். மூன்று நாள் என்றால் ஒன்பது வேளைச் சாப்பாடு, பத்துப் பன்னிரண்டு டம்ளர் டீ. அதையெல்லாம் யாரோ கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். விடிந்தது தெரியாத அதே வீட்டில், விடிவதற்கு முன்பே ஒருத்தி எழுந்து பால் காய்ச்சியிருக்கிறாள். மதிப்புரையில் அவள் வருவதே இல்லை.

டால்ஸ்டாயின் 'போரும் வாழ்வும்' படித்து முடிக்க எனக்குப் பதினோரு மாதம் ஆனது. நான் இருப்பது பண்பொழி. வீட்டு வாசலில் நின்றால் திருமலைக் கோயில் மலை தெரியும். குற்றாலம் பக்கம்தான் என்பதால் ஜூன் மாதம் சாரல் தொடங்கியதும் எங்கள் வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் வரத்தொடங்கிவிடுவார்கள். பகலில் அருவியில் குளித்து, பசியோடு திரும்பி வருவார்கள். சீசன் மூன்று மாதமும் குளிப்பது அவர்கள், ஈரத்துணி காயப்போடுவது நாங்கள். அந்த மூன்று மாதத்தில் நான் படித்தது நாற்பது பக்கம். நெப்போலியன் எல்லையில் காத்துக்கொண்டே நின்றான்.

இதைத் தமிழில் தந்தவர் எங்கள் பக்கத்துக்காரர். 'தினமணி'யின் முதல் ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கம் தென்காசியில் பிறந்தவர். 'போரும் அமைதியும்' என்று போடாமல் 'போரும் வாழ்வும்' என்று பெயர் வைத்தார். எனக்கு அந்தப் பெயர்தான் பிடிக்கும். போர் நடக்கிற காலத்திலும் வாழ்வை யாராவது நடத்தியாக வேண்டுமே. ரஸ்தோவ் வீட்டில் அதை யார் நடத்துகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே படித்தேன்.

ஓர் இலக்கியக் கூட்டத்தில் ஒருவர் சொன்னார்: பெண்களுக்கு இந்த மாதிரிப் பெரிய நாவலுக்குப் பொறுமை கிடையாது, ரஷ்யப் பெயர்களே குழம்பிவிடும், அவர்களுக்குக் குடும்பக் கதைதான் சரி. அவருக்குப் பதில் சொல்ல நிறைய இருக்கிறது. இதில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பாத்திரங்கள் உண்டு. ஒரு கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கப் போகிறவள், எந்த வீட்டில் யார் யாருக்கு என்ன முறை, யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, எங்கே தாம்பூலம் முதலில் வைக்க வேண்டும் என்று மனதில் வைத்திருக்கும் ஆட்கள் அதைவிடக் குறைவா? நத்தாலியாவும் நத்தாஷாவும் ஒருத்தியே என்று புரிந்துகொள்வதா கஷ்டம்? எங்கள் தெருவில் சர்டிபிகேட்டில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர், ஆச்சி கூப்பிட ஒரு பெயர் இல்லாத பிள்ளையே கிடையாது. குடும்பக் கதை என்றால் இதைவிடப் பெரிய குடும்பக் கதை எங்கே இருக்கிறது? கடனில் மூழ்கிய அம்மா மகனுக்குப் பணக்காரப் பெண் தேடுகிறாள். சொத்துக்காகச் சாகக்கிடக்கிறவர் படுக்கையைச் சுற்றிப் பையைப் பிடித்து இழுக்கிறார்கள். லிஸா பிரசவத்தில் இறந்துபோகிறாள். தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்', 'அசடன்' என்ற இரண்டு பெரிய நாவல்களையும் தமிழுக்குக் கொண்டுவந்த எம்.ஏ. சுசீலா ஒரு பெண் என்பதையும் அவருக்கு ஞாபகப்படுத்தலாம். எங்களிடம் பொறுமைக்குக் குறைவில்லை. நேரம்தான் இல்லை.

அது கணக்காகவே இருக்கிறது. 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண் அதற்குச் செலவிடுவது நாளுக்கு 299 நிமிடம். வீட்டு வேலை செய்யும் ஆண் செலவிடுவது 97 நிமிடம். 'செய்யும் ஆண்' என்பதைக் கவனியுங்கள். அப்படிக் கைவைத்த ஆண்கள் நூற்றுக்கு 26 பேர்தான், பெண்கள் 81 பேர். வித்தியாசம் 202 நிமிடம். பக்கத்துக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தாலும் நாளுக்கு நூறு பக்கம். ஒரே மூச்சில் படிக்கிறவர்களின் மூச்சு எங்கிருந்து வருகிறது என்பது இப்போது தெரிகிறதா?

துண்டு துண்டாகப் படித்தால் நாவல் பிடிபடாது என்பார்கள். இந்த நாவலே 1865இல் 'ருஸ்கி வெஸ்ட்னிக்' என்ற மாத இதழில் துண்டு துண்டாகத்தான் வரத்தொடங்கியது. முழுதாக முடிந்தது 1869இல். முதலில் படித்தவர்கள் எல்லோரும் காத்திருந்து படித்தவர்களே. அவர்களை அரைகுறை வாசகர்கள் என்று யாரும் சொல்லவில்லை.

ஆஸ்டர்லிட்ஸ் போர்க்களத்தில் அடிபட்டுக் கிடக்கும் ஆந்த்ரேய் உயரத்தில் வானத்தைப் பார்க்கும் இடம் எனக்கு மொட்டைமாடியில் வந்தது. வடகத்துக்குக் காக்கா காவல் இருந்தேன். தலைக்கு மேலே எனக்கும் வானம் இருந்தது, ஆனால் கண்ணை வடகத்தை விட்டு எடுக்க முடியாது. அந்த வானத்தைப் பற்றித் தமிழில் எவ்வளவோ பேசுகிறார்கள். அதே நாவலின் முடிவுரையில் ஒரு குழந்தைத் துணி வருகிறது. கல்யாணமாகி, நான்கு பிள்ளை பெற்று, உடம்பு பெருத்த நத்தாஷா, பிள்ளையின் மலம் பச்சையாக இல்லை, மஞ்சளாகப் போயிருக்கிறது என்று சந்தோஷமாக அந்தத் துணியைத் தூக்கிக் காட்டுகிறாள். அதைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். பிள்ளைக்குப் பச்சையாகப் போன ராத்திரிகளை விழித்துக் கழித்தவளுக்கு அந்த மஞ்சள் எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும். டால்ஸ்டாய்க்கு அது தெரிந்திருக்கிறது. அதற்காக அவர்மீது மரியாதை உண்டு.

ஆனால் சண்டையும் அங்கேதான் தொடங்குகிறது. பாடிக்கொண்டும் ஆடிக்கொண்டும் இருந்த நத்தாஷா கல்யாணத்துக்குப் பிறகு பாட்டை விட்டுவிடுகிறாள், உடுத்துவதில் அக்கறையை விட்டுவிடுகிறாள். இதை ஓர் இழப்பாக அவர் எழுதவில்லை. இப்படித்தான் ஆக வேண்டும் என்பதுபோல எழுதுகிறார். பெண்களின் உரிமை பற்றிய பேச்சு அந்தக் காலத்திலும் இருந்தது, நத்தாஷாவுக்கு அதில் ஆர்வமில்லை, அது புரியவும் இல்லை என்று போகிறபோக்கில் ஒரு வரி வேறு. ஆயிரம் பக்கத்துக்கு மேல் அவளோடு நடந்துவந்த எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இந்த நாவலை எழுதிய வீட்டிலும் சமையல் யார் என்று பார்க்க வேண்டும். யாஸ்னயா பல்யானாவில் அது பண்ணை வீடு, வேலையாட்கள் இருந்தார்கள். ஆனாலும் 1862இல் பதினெட்டு வயதில் முப்பத்து நான்கு வயது டால்ஸ்டாயைக் கட்டிக்கொண்டு வந்த சோஃபியா, நாவல் எழுதப்பட்ட 1863 முதல் 1869 வரைக்குள் நான்கு பிள்ளை பெற்றார். பிள்ளைகள் தூங்கிய பிறகு கணவரின் கிறுக்கலை வாசித்து, அடித்தல் திருத்தலோடு இருந்ததை நல்ல கையெழுத்தில் படியெடுத்தார். அவர் மறுபடி திருத்துவார், இவர் மறுபடி எழுதுவார். மொத்தம் பதின்மூன்று பிரசவம். அந்த நாவலை ஒரே மூச்சில் படிக்க முடியாத முதல் வாசகி சோஃபியாதான். அவரே எழுதிய 'யார் குற்றம்?' என்ற குறுநாவல் ரஷ்ய மொழியில் அச்சானது 1994இல். அவர் இறந்து எழுபத்தைந்து வருடம் கழித்து.

நாவலில் சோனியா என்று ஒருத்தி வருகிறாள். ரஸ்தோவ் வீட்டில் ஒட்டி வளர்ந்த உறவுப்பெண். நிக்கலாயை விரும்பினாள். வீட்டுக் கடனை அடைக்க அவன் பணக்காரியைக் கட்ட வேண்டும் என்பதால் இவளிடம் விடுதலைக் கடிதம் எழுதி வாங்குகிறார்கள். கடைசியில் அவனும் அவன் மனைவியும் வாழும் அதே வீட்டில் சமோவார் பக்கத்தில் உட்கார்ந்து டீ ஊற்றிக்கொண்டிருக்கிறாள். பூத்தும் காய்க்காத பூ என்கிறாள் நத்தாஷா. பூனை மாதிரி, மனிதர்களிடம் இல்லை, வீட்டிடம்தான் ஒட்டுதல் என்கிறார் டால்ஸ்டாய்.

இந்தக் கதையை எங்கள் தெருத் திண்ணையில் சொன்னேன். பக்கத்து வீட்டு மதினிகள் பீடி சுற்றுகிறவர்கள். இலை நனைத்து, வெட்டி, மடியில் தட்டை வைத்துச் சுற்றுவார்கள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. கேரளத்தில் பீடித் தொழிலாளர்கள் வேலை செய்யும்போது ஒருவர் பத்திரிகையும் நாவலும் உரக்கப் படிக்கும் வழக்கம் இருந்தது. அது ஆட்கள் கூடி வேலைசெய்த கூடங்களில். இங்கே பெண்கள் அவரவர் வாசலில் தனித்தனியே சுற்றுகிறார்கள், படித்துச் சொல்ல ஆளில்லை. மதினி ஒருத்தி கேட்டாள்:

"அந்தப் பிள்ளைக்கு என்ன எழுதி வச்சாங்க?"

"ஒண்ணும் இல்ல மதினி."

"எங்க பெரியத்தையும் இப்படித்தான் இருந்தா. பந்தியில கடைசியா உக்காருவா. பெறவு ஒருநாள் செத்துப்போனா. அவளப் பூனைன்னு நாங்க சொல்லல."

சோனியாவைப் பற்றி இதைவிட நல்ல விமர்சனம் நான் படித்ததில்லை. கை பீடி சுற்றிக்கொண்டிருந்தபோது சொன்னது என்பதால் அதை யாரும் விமர்சனக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள்.

இவ்வளவு சொன்னதும் என்னைப் புகழ ஆள் வந்துவிடும். குக்கர் விசிலுக்கு நடுவில் டால்ஸ்டாய் படித்தாளாம், ரேஷன் கடை வரிசையில் படித்தாளாம், என்ன ஆர்வம் பாருங்கள்! தயவுசெய்து வேண்டாம். இந்தப் பாராட்டு அந்த இலக்கியக் கூட்டத்துக்காரரின் பேச்சைவிட மோசம். நடுவில் படிப்பதைப் பெருமையாக்கிவிட்டால், முழு நேரம் தர வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. நான் திருடிப் படித்தேன். என் நேரத்தை நானே திருட வேண்டியிருந்தது என்பதில் கொண்டாட என்ன இருக்கிறது? "பரிச்சை எதுவும் எழுதப் போறியா?" என்று அத்தை கேட்டார்கள். பரீட்சைக்கு என்றால் விட்டுவிடுவார்கள், வேலைக்கு என்றாலும் சரி. சும்மா ஒரு பெண் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பதுதான் வீட்டுக்குப் பொறுக்காது. வீட்டுக்காரர் நல்லவர், "வேலை முடிந்ததும் படியேன்" என்பார். வீட்டு வேலை முடிவதை அவர் எந்த வீட்டில் பார்த்தாரோ.

இதைப் படிக்கும் மாணவிகளிடம் ஒன்று சொல்ல வேண்டும். பெண் பார்க்க வருகிறவர் வாசிப்புப் பழக்கம் உள்ளவர் என்று சொல்வார்கள். இருக்கலாம். வீட்டில் அலமாரி நிறைய ரஷ்ய நாவல்கூட இருக்கலாம். அதில் மயங்காதீர்கள். ராத்திரிப் பாத்திரத்தை யார் கழுவுவார்கள் என்று கேளுங்கள். 'உதவி செய்வேன்' என்றால் அது பதில் இல்லை. கிழமை சொல்லச் சொல்லுங்கள்.

இந்த வருஷம் 'கரமாசவ் சகோதரர்கள்' எடுத்திருக்கிறேன். சீசனுக்கு வருகிறவர்களுக்கு இப்போதே சொல்லியாயிற்று. மாலை நான்கிலிருந்து ஐந்தரை வரை நான் வாசல் திண்ணையில் இருப்பேன், எழுந்திருக்கமாட்டேன். பால் ஃபிரிட்ஜில் இருக்கிறது. டீத்தூளும் சீனியும் அடுப்புக்கு மேலே இரண்டாவது தட்டில்.