பொன்னாடையும் ஒத்திகையும்

நாற்பது வருஷம் சம்பளம் வாங்காமல் பாட்டு நாடகம் போட்டவருக்கு நாம் செய்வது என்ன? ஒரு பொன்னாடை, ஒரு கேடயம், ‘கலைச்சேவை’ என்று ஒரு வார்த்தை. அவர் போட்ட நாடகம் எப்படி இருந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. காசு வாங்காமல் செய்கிறவரை விமர்சிப்பதாவது என்கிறார்கள். விமர்சிக்காமல் விடுவதுதான் அவமரியாதை என்பது என் கட்சி. வருஷக் கணக்கு வட்டி போட உதவும். நான் வங்கி குமாஸ்தா, எனக்குத் தெரியும். கலையை எடைபோட அது உதவாது.

அமெச்சூர் என்பது சம்பளத்தைப் பற்றிய சொல். தரத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல், 18 வயதில், நண்பர்களோடு சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். பின்னால் நீதிபதியானார். வக்கீல்களையும் உத்தியோகஸ்தர்களையும் வைத்துக்கொண்டு, எழுதி வைத்த வசனத்தை மனப்பாடம் செய்யவைத்து, ஒத்திகை பார்த்து நாடகம் போட்டார். எழுதியவை தொண்ணூறுக்கும் மேல். அவர் மரியாதைக்குரியவரானது இந்த ஒத்திகையால். சபையின் வயதால் அல்ல.

ஆனால் அவரையும் விட்டுவிட முடியாது. அன்றைய மேடையில் பாட்டு மலிந்து கிடந்தது உண்மை. சாகக் கிடக்கிற கதாநாயகன் ‘ஒன்ஸ் மோர்’ கேட்டதும் எழுந்து பாடுவான். முதலியார் பாட்டைக் குறைத்தார், வசனத்தை வளர்த்தார். அவருக்குப் பின்வந்த நகரத்து அமெச்சூர்கள் அந்த வசனத்தை மட்டும் வாரிசாக எடுத்துக்கொண்டார்கள். முடிவில் சோபா, டெலிபோன், நிமிஷத்துக்கொரு ஜோக்.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எதிர்த்திசை. வள்ளி திருமணத்தில் முருகனும் வள்ளியும் தர்க்கம் செய்வது பாட்டில்தான். பாட்டை எடுத்தால் சம்பவமே இல்லை. தென்மாவட்டங்களின் ஸ்பெஷல் நாடகத்தில் வெவ்வேறு ஊர் நடிகர்கள் அன்று இரவுதான் மேடையில் சந்திக்கிறார்கள். ஒத்திகை கிடையாது, இயக்குநர் கிடையாது. ஆனாலும் விடியும்வரை நடக்கிறது. அதுதான் அவர்கள் பிழைப்பு என்பதால் பாடம் அவர்கள் ரத்தத்தில் இருக்கிறது. அமெச்சூருக்கு அந்த வசதி இல்லை. ஒத்திகைதான் அவன் மூலதனம். ஆகவே இயக்குநர் இல்லாமல் அவன் இல்லை.

இசை நாடகத்தை அமெச்சூர்கள் செய்யமுடியுமா என்று கேட்பவர்கள் தஞ்சை மாவட்டத்து மெலட்டூருக்குப் போகட்டும். வேறெங்கோ வேலை பார்ப்பவர்கள் நரசிம்ம ஜயந்திக்கு ஊர் திரும்பி, வேஷம் கட்டி, வேங்கடராம சாஸ்திரியின் தெலுங்கு நாடகங்களைப் பாடி ஆடுகிறார்கள். பிரகலாதனைப் பார்க்க வந்தவன் நடிகரின் ஆபீஸ் பதவியை விசாரிப்பதில்லை.

இங்கே சேர்வராயன் மலையில் மே மாதம் கோடை விழா. மலர்க் கண்காட்சிக்கும் படகுப் போட்டிக்கும் இடையே கலைநிகழ்ச்சி. இரவு முழுக்க ஆடவேண்டிய கூத்தை இத்தகைய மேடைகளில் அரைமணியில் முடிக்கச் சொல்வதைவிட, கூப்பிடாமலே இருந்துவிடலாம். மலையிலிருந்து இறங்கினால் சேலம் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு நிற்கிறது. 1935இல் தொடங்கி நூறு படங்களுக்குமேல் எடுத்த ஸ்டூடியோ. பாடி நடிப்பவர்களைச் சினிமா எடுத்துக்கொண்டது, பிறகு பின்னணிக் குரல் வந்து அவர்களும் வேண்டாமென்று ஆனார்கள். இன்று முகத்தையும் குரலையும் ஒரே உடம்பில் காண மேடையைத் தவிர வேறு இடம் ஏது?

நம் சிறுபத்திரிகை நண்பர்கள் வாக்னரைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதுவார்கள். பக்கத்து ஊரில் பள்ளிக்கூட வாத்தியார் போடும் பாட்டு நாடகத்துக்கு ஒரு பாரா கிடையாது. பாட்டு என்றாலே பாமரம் என்று ஒரு நினைப்பு. போய்ப் பார்க்கட்டும். பாட்டு வந்ததும் நடிகன் பாத்திரத்தை விட்டிறங்கி வித்வானாகிவிடுகிறானா, எந்த இடத்தில், அதை இயக்குநர் ஏன் விட்டுவைத்தார், இவ்வளவு எழுதினால் போதும். அந்த வாத்தியார் கோபித்துக்கொள்ளலாம். ஆனால் அடுத்த ஒத்திகையில் அந்தப் பாட்டை மறுபடி பார்ப்பார். பொன்னாடை போர்த்தியவர் எவரும் அவரை இதுவரை அப்படிச் செய்யவைத்ததில்லை.