கண்ணாடிச் சீசாவுக்குள் தேரை!

காரமடைப் பக்கம் பல வீடுகளில், பொடக்காணித் தண்ணீர்த் தொட்டி ஓரமாக ஒரு தேரை ஒட்டிக்கொண்டிருக்கும். மெலிந்த உடல். விரல் நுனியில் சிறு வட்டங்கள். சுவரில் ஏற அவைதான் உதவி. இது மரத்தவளை இனம்.

பையன்கள் இதைப் பிடித்துச் சீசாவில் போட்டு வளர்க்கிறார்கள். இரண்டே நாளில் வீட்டில் கவலை! "தேரைக்கு என்னவோ ஆகிவிட்டது. காலால் உடம்பெல்லாம் தேய்க்கிறது. அப்புறம் செத்தது போல் கிடக்கிறது!"

ஒன்றும் ஆகவில்லை. அது எண்ணெய் தேய்த்துக்கொள்கிறது!

தேரையின் தோலில் கொழுப்புக் கலந்த ஒரு பசை சுரக்கிறது. அதைக் கைகால்களால் உடம்பு முழுவதும் பூசிக்கொள்கிறது. பூசியதும் கைகால்களை மடக்கி, அசையாமல் உட்கார்ந்துவிடுகிறது. உடம்பின் ஈரம் காற்றோடு போய்விடாமல் இருக்கத்தான் இவ்வளவும். காசி இந்துப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஒருவருடன் சேர்ந்து இதை ஆராய்ந்து 1997-ல் எழுதினார்கள்.

ஈரம் ஏன் அவ்வளவு முக்கியம்? தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. தோல்தான் குடிக்கிறது! சோப்பும் உப்பும் பட்ட கையால் அதைத் தொட்டால், அவையும் தோல் வழியே உள்ளே போகும்.

இரவில் சீசா மூடியில் முட்டுகிறதே, அது பைத்தியமா? இல்லை. அது பூச்சி பிடிக்கும் நேரம். முட்டி முட்டி மூக்கில் புண் வந்துவிடும். வெயில் படும் ஜன்னலில், காய்ந்த சீசாவுக்குள் எவ்வளவு பசை தேய்த்தாலும் அதற்குப் போதாது. பையன்களின் ஆசையில் தவறில்லை. சீசாதான் தவறு.

இந்த அப்பாவிப் பிராணியின் மேல் வேறொரு பழியும் உண்டு. பிள்ளை மெலிந்தால், "தேரை விழுந்துவிட்டது" என்கிறார்கள். தேங்காயில் பருப்பு இல்லாவிட்டால், "தேரை மோந்துவிட்டது" என்கிறார்கள். ஓட்டுக்குள் தேரை எந்த வழியாகப் போகும்? பிள்ளை மெலிவது சத்துக் குறைவால், அல்லது நோயால். மந்திரித்துத் தாயத்துக் கட்டும் நாட்களில் பிள்ளை இன்னும் மெலிகிறது. முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டாமா?

சீசாவைத் திறந்து, தேரையைத் தொட்டி ஓரத்திலேயே விட்டுவிடலாம். பையன்கள் தினமும் அங்கேயே பார்க்கட்டும். மழை பெய்த பிறகு தொட்டிச் சுவரில் வெள்ளை நுரை தெரிந்தால், சோப்பு நுரை என்று கழுவிவிடாதீர்கள். அது தேரை கட்டிய கூடு. உள்ளே முட்டைகள் இருக்கின்றன. சில நாளில் நுரை கரையும். தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழும்.