துப்பறியும் கதைக்கு அடுத்த புத்தகம்

எண்ணூர்ப் பக்கம் ஷிப்ட் முடித்து, திருவொற்றியூர் தேரடியில் இறங்கி நூலகத்துக்கு வருகிறவர் ராஜேஷ்குமார் நாவல் கேட்டால், முகம் சுளிக்காமல் எடுத்துத் தருபவரே நல்ல நூலகர். அடுத்த வாரம் சுஜாதாவின் கணேஷ்-வசந்த் துப்பறியும் கதை. அதற்கப்புறம்? நான் நூலகராக இருந்தால் உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திர’த்தைக் கையில் கொடுப்பேன். 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்த தன்வரலாறு அது. ஏட்டுச்சுவடி தேடி வீடு வீடாக அலைந்து, பிரதிகளை ஒப்பிட்டு, 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியவரின் கதை. தடயம் தேடும் பரபரப்புக்கு அதில் குறைவே இல்லை. பிறகு இன்னொரு தன்வரலாறு, பாமாவின் ‘கருக்கு’. இப்படி ருசி அறிந்து கைமாற்றுவது கம்ப்யூட்டர் பட்டியலால் ஆகாது. நூலக மேஜைக்குப் பின்னால் இருப்பவரும் ஆசையாகப் படிக்கிறவராக இருக்க வேண்டும். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில், ஒவ்வொரு வாசகரையும் அவருக்குரிய நூலோடு சேர்ப்பதையும் வலியுறுத்தினார். சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம்; அப்படிப்பட்ட நூலகரை எதிர்பார்க்க நமக்கு உரிமை உண்டு. அடுத்த முறை உங்கள் கிளை நூலகத்துக்குப் போனால், அலமாரி பக்கம் திரும்பும் முன் நூலகரிடம் கேளுங்கள்: நீங்கள் கடைசியாக ரசித்துப் படித்த புத்தகம் எது?